டூ-லெட் போர்டு தொங்காத வீடு

கேள்வி:

"ஐயா, பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரியில் இலக்கியம்பட்டி ஓரமாக நாற்பதுக்கு அறுபது மனை இருக்கிறது, கிழக்குப் பார்த்தது. தெருவில் ஒகேனக்கல் குழாய் உண்டு, பாதாளச் சாக்கடை இல்லை. கையில் 70 இலட்சம் இருக்கிறது. வங்கியில் 30 இலட்சம் கடன் தருகிறார்கள். தளத்துக்கு இரண்டாக மூன்று தளத்தில் ஆறு டபுள் பெட்ரூம் வீடு, சதுர அடி 2,100 ரூபாய், வீட்டுக்கு வாடகை 6,500, மாதம் 39,000 வரும் என்று மேஸ்திரி கணக்குப் போட்டுக் கொடுத்தார். பெங்களூரில் இருக்கும் மகன், முன்பக்கம் கண்ணாடியும் பளபளா ஷீட்டும் வைத்த படமாக அனுப்புகிறான், லிஃப்ட்டும் வேண்டும் என்கிறான். அதே தெருவில் என் மச்சான் கட்டிய ஆறு வீட்டில் இரண்டு எப்போது பார்த்தாலும் காலி. நமக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று என் மனைவிக்குப் பயம். தென்மேற்கு மூலையில் நிற்கும் வேப்ப மரத்தை வெட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். குடி வருபவர்கள் விரும்பி வந்து நிலைத்து இருக்க, வீட்டை எப்படி அமைக்கலாம்?"

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் மச்சான் வீட்டில் காலியாகக் கிடக்கும் இரண்டும் எவை என்று நீங்கள் எழுதவில்லை. நானாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று, மொட்டை மாடிக்கு நேர் கீழே மேற்குப் பக்கத்து வீடு. இன்னொன்று தரைத்தளத்தில் பின்னால், ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் மட்டும் தெரிகிற வீடு. அது சரியாக இருந்தால் பாதிப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரே தெரு, ஒரே வாடகை, ஒரே ஓனர். நாலு வீட்டுக்கு ஆள் வருகிறது, இரண்டுக்கு வரவில்லை என்றால் குறை வரைபடத்தில்தான்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு தகுதி உண்டு. ஒன்று கட்டடப் பொறியாளர் வேலை. மற்றது, சொந்தமாகக் கட்டும்முன் பதினோரு வாடகை வீட்டில் குடியிருந்தது. இரண்டாவதில் கற்றுக்கொண்டதே அதிகம். வாடகைக்குக் கட்டுகிறவர் தனக்குப் பிடித்ததைக் கட்டுவார், இல்லாவிட்டால் மேஸ்திரிக்குக் கை பழகியதைக் கட்டுவார். காலை ஐந்தரைக்கு எழுந்து ராத்திரி பத்துக்குப் படுக்கும்வரை குடியிருப்பவர் அந்த வீட்டுக்குள் என்ன பாடுபடுவார் என்பது வரைபடத்தில் வருவதே இல்லை.

முதலில் மேஸ்திரியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். பக்க இடைவெளிகளை விட்டது போக உங்கள் மனையில் ஒரு தளத்துக்குச் சுமார் 1,400 சதுர அடி தேறும். 2,100 ரூபாய் வீதம் ஒரு தளம் 29 இலட்சத்து 40 ஆயிரம். அதாவது நீங்கள் வாங்கப்போகும் 30 இலட்சம் கடன் அப்படியே இரண்டாம் மாடிக்குப் போகிறது. வட்டி ஒன்பது சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம், மாதம் 22,500. அந்த மாடியின் இரண்டு வீடும் நிரம்பினாலும் வாடகை 13,000. அசலை விடுங்கள், வட்டிக்கே மாதம் 9,500 ரூபாய் கீழ் வீட்டு வாடகையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். கொளுத்தும் மாடியைக் கடன் வாங்கிக் கட்டி, அது காலியாகவும் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் யோசனை இது. அஸ்திவாரமும் தூண்களும் மூன்று தளத்துக்குக் கணக்கிட்டுப் போடுங்கள். வரைபட அனுமதியும் மூன்றுக்கும் சேர்த்தே வாங்குங்கள், அதன் காலக்கெடுவையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவது இப்போதைக்குத் தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும். 58 இலட்சத்து 80 ஆயிரம் ஆகும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, போர், மின் இணைப்பு எல்லாம் அந்த 2,100-க்குள் அடங்காது. அதற்கு ஓர் ஆறு இலட்சம் எடுத்து வைத்தாலும் கையில் கொஞ்சம் மிஞ்சும். ஓய்வுக் காலத்தில் கடைசி ரூபாய் வரை செங்கல்லில் போட்டுவிடக் கூடாது.

வாடகையைப் பாருங்கள். தரைத்தளத்தில் முன்பக்கம் நானூறு சதுர அடியை வண்டிகளுக்கு விட்டுவிட்டு, பின்னால் பக்கத்துப் பக்கமாக இரண்டு சிறிய வீடு. ஒன்று 520 சதுர அடியில் ஒற்றைப் படுக்கையறை, மற்றது 350 சதுர அடியில் ஒரே அறையும் அடுப்படியும் குளியலறையும். இரண்டுக்கும் வாசல் முன்னோக்கியே இருக்கும். முதல் மாடியில் இரண்டு டபுள் பெட்ரூம். சிறியவற்றுக்கு 5,000-மும் 3,500-மும், மாடியில் இரண்டும் சேர்ந்து 13,000. மொத்தம் 21,500, கடன் இல்லை. மேஸ்திரி சொன்ன 39,000-த்தில் வட்டி 22,500 போக உங்கள் கையில் நிற்பது 16,500, அதுவும் ஆறும் நிரம்பியிருந்தால். மேல் மாடியை வாடகைப் பணம் சேர்ந்த பிறகு கட்டிக்கொள்ளலாம். அதுவரை தூண் கம்பிகளை மழையில் துருப்பிடிக்க விடாமல் சிமென்ட் பால் பூசி, மெலிந்த கலவையில் மூடி வைக்கச் சொல்லுங்கள். இப்போதைய மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் கனமான சுருக்கித் தளமும் வேண்டாம், நாளைக்கு உடைத்து அள்ள வேண்டியிருக்கும். நல்ல வாட்டர்ஃப்ரூஃபிங்கும் மேலே வெள்ளைக் கூலிங் பெயிண்ட்டும் போதும்.

ஆறும் ஒரே அளவில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. இலக்கியம்பட்டிப் பக்கம் வீடு தேடி வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வருபவர், 2008-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர், செட்டிக்கரை இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போய் வரும் விரிவுரையாளர், பிள்ளைகள் படிப்புக்காகப் பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து டவுனுக்கு வரும் குடும்பம். இவர்களில் பாதிப் பேருக்கு டபுள் பெட்ரூம் தேவையே இல்லை. தனியாக வேலை பார்க்கும் ஒரு செவிலியருக்கு 350 சதுர அடியும், பத்திரமான கதவும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது எரிகிற வாசல் விளக்கும்தான் வேண்டும். அப்படிப்பட்ட சிறிய வீடு நம் ஊரில் ஹாஸ்டலுக்கும் குடும்ப வீட்டுக்கும் நடுவே கிடைப்பதே அரிது.

இனித் தண்ணீர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருபவர் தருமபுரியில் வீடு பார்க்கும்போது டைல்ஸைப் பார்க்கமாட்டார். "ஒகேனக்கல் தண்ணி வருதுங்களா?" என்றுதான் முதலில் கேட்பார். காரணம் உங்களுக்குத் தெரியும், வகுப்பில் காவி படிந்த பற்களோடு சிரித்த பிள்ளைகளைப் பார்த்தவர் நீங்கள். நிலத்தடிப் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடு அது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டாலும் ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் நம் வாடகைக் கட்டடங்களில் அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது? காம்பவுண்டு ஓரம் ஒரு குழாய். தண்ணீர் வரும் நேரத்தில் ஆறு வீட்டுக் குடமும் அங்கே வரிசை. மாடியில் இருப்பவர் இடுப்பில் குடத்தோடு படி ஏறுவார். இல்லையென்றால் போர்த் தண்ணீரோடு ஒரே சம்ப்பில் விட்டு இரண்டையும் கலந்துவிடுவார்கள், காவிரித் தண்ணீர் கழிவறைக்குப் போகும். நீங்கள் இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். ஒகேனக்கல் தண்ணீருக்கு 2,000 லிட்டரில் தனிச் சிறு சம்ப், மேலே 1,000 லிட்டர் தனித் தொட்டி, அங்கிருந்து ஒவ்வொரு அடுப்படிக்கும் ஒரே ஒரு தனிக்குழாய். கட்டும்போது செய்தால் இதற்குப் பெரிய செலவில்லை. கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைத்தால் சுவரை உடைக்க வேண்டும். நாளைக்கு வீடு பார்க்க வருபவர் அடுப்படியில் அந்தக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்துப் பார்ப்பார் பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் மகன் அனுப்பிய கண்ணாடி முகப்பைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார்.

போர்த் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். உப்பு அதிகம் என்றால் குழாய் வாயெல்லாம் வெள்ளை பூக்கும், கெய்சர் காயில் சீக்கிரம் போகும், "முடி கொட்டுது" என்று குடித்தனக்காரர் வீட்டம்மா சொல்ல ஆரம்பிப்பார். அந்தப் பேச்சு வந்து மூன்று மாதத்தில் வீடு காலியாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குழாய்களை மலிவாக வாங்கவேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்யும் வகையாக வாங்குங்கள்.

அளவு என்று பார்த்தால், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. பின்னால் வரப்போகும் மாடியையும் சேர்த்து ஆறு குடும்பம், நாலு பேர் வீதம் 3,240 லிட்டர். சம்ப் 12,000 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மூன்று நாளைக்குத் தாங்கும், சித்திரையில் போர் கைவிட்டால் பெரிய தண்ணீர் லாரி ஒன்று முழுசாக இறங்கும். ஆனால் தோண்டும்முன் ஒரு சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். நம் பக்கம் ஐந்தடியில் பாறை தட்டினால், உடைக்கிற கூலி மேஸ்திரியின் கணக்கையே மாற்றிவிடும். அப்படித் தட்டினால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம் என்பதால் எல்லோரும் ஒரு குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, மறந்துவிடுகிறார்கள். உங்கள் மாடியின் அளவுக்கு 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 1,300 லிட்டர். அதில் ஃப்ளோரைடு கிடையாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை வடிகட்டி போருக்குப் பக்கத்தில் இறக்குங்கள்.

தண்ணீர்ச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் குடியிருந்த ஒரு வீட்டில் மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டுக்குள் இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்குப் போனால் எங்களுக்குக் குளியல் இல்லை. தண்ணீர் குறைந்தால் தானே ஓடி, நிரம்பினால் தானே நிற்கும் கருவி இப்போது சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. அதைப் பொருத்துங்கள். ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் வீட்டுக்கு ஒரு 500 லிட்டர் தொட்டி என்று வைத்தால், குழாயைத் திறந்துவிட்டுத் தூங்குகிறவர் வீட்டில் மட்டும் தண்ணீர் தீரும். பிளம்பர் முணுமுணுப்பார். அவர் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார், நீங்கள்தான் இருபது வருடம் பஞ்சாயத்துப் பண்ண வேண்டும்.

இப்போது வீடுகளின் அமைப்புக்கு வருகிறேன். மேஸ்திரி மாடியை முன் வீடு, பின் வீடு என்று பிரித்திருப்பார். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். முன் வீடு நிரம்பும், பின் வீடு வாடகையைக் குறைத்தாலும் முரண்டு பிடிக்கும். நீங்கள் நெடுக்காகப் பிரியுங்கள், வட வீடு, தென் வீடு என்று. அப்போது இரண்டுக்கும் தெருவைப் பார்த்த முன்பக்கம் உண்டு, மூன்று பக்கம் வெளிச்சுவர் உண்டு, கிழக்கே ஒரு ஜன்னலும் மேற்கே ஒரு திறப்பும் இருப்பதால் காற்று ஊடே போகும். படிக்கட்டு முன்பக்கம் நடுவில் இருக்கட்டும். பின்பக்கச் சந்தில் இருட்டாக இருக்கும் படிக்கட்டைப் பார்த்த உடனேயே பெண்கள் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள், கணவரிடம் வேறு காரணம் சொல்வார்கள். படிகளின் உயரம் ஏழு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், மிதிபடி பத்து அங்குலமாவது இருக்கட்டும். மாடியில் இரண்டு வாசலும் நேருக்கு நேர் முகம் பார்க்காமல் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

தென் வீட்டுக்கு அடுப்படி தென்கிழக்கில், வட வீட்டுக்கு வடமேற்கில். இரண்டு வீட்டின் குளியலறையும் கழிப்பறையும் மேற்கே நடுவில், முதுகோடு முதுகாக. வாஸ்துவை நான் நம்புகிறேனா என்பது வேறு விஷயம். குடி வருகிறவர் "ஈசானியத்துல பாத்ரூம் இல்லையே?" என்று கேட்கிறாரே, அதற்குப் பதில் இருக்க வேண்டும். இந்த அமைப்பில் வாஸ்துவும் பொருந்துகிறது, வேலையும் மிச்சமாகிறது. குளியலறை, கழிப்பறைக் குழாய்கள் எல்லாம் ஒரே சந்தில் நேராக இறங்கும், ஒரு வீட்டு அடைப்பை எடுக்க இன்னொரு வீட்டின் கதவைத் தட்ட வேண்டாம். போரும் சம்ப்பும் வடகிழக்கு முன்பக்கம், செப்டிக் டேங்க் மேற்குப் பின்பக்கம் என்று தண்ணீரும் கழிவும் தூரத் தூரப் போய்விடும்.

இன்னொரு லாபம் உண்டு, ஒரு வீட்டு அடுப்படி பக்கத்து வீட்டுப் படுக்கையறையை ஒட்டி வராது. அதன் அருமையை நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாலு வீட்டுக் கட்டடம் வரைந்தேன். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர். ஒரு வீட்டு அடுப்படியும் பக்கத்து வீட்டுப் படுக்கையறையும் அந்தச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டன. போதாக்குறைக்கு இரு பக்க சுவிட்ச் பெட்டியும் ஒரே இடத்தில் முதுகு ஒட்டி நின்றன. விடியற்காலை ஐந்தரைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தால் இந்தப் பக்கம் குழந்தை எழுந்து அழும், இந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி பேசுவது அந்தப் பக்கம் செய்தி வாசிப்பது போலக் கேட்கும். இரண்டு குடித்தனமும் ஒரே வருடத்தில் காலி. ஓனர் நல்ல மனுஷர், என்னைத் திட்டவில்லை. அடுத்த கட்டடத்துக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை. பொதுச்சுவர் ஒன்பது அங்குலம் என்பதில் மேஸ்திரி எதைச் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அறுநூற்றுச் சொச்சம் சதுர அடி டபுள் பெட்ரூமில் இரண்டு அட்டாச்டு பாத்ரூம் வைத்தால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். இரண்டும் திரும்பக்கூட முடியாத பொந்தாகிவிடும். காலை ஏழிலிருந்து எட்டுக்குள் நாலு பேர் கிளம்ப வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் பிரச்சினை. அதற்குக் குளியலறை தனி, கழிப்பறை தனி, வாஷ் பேசின் இரண்டுக்கும் வெளியே என்று வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று பேர் கிளம்பலாம். தரைத்தளத்து ஒற்றைப் படுக்கையறை வீட்டில் முட்டி வலிக்காரர் யாராவது வந்தே தீருவார்கள். அங்கே வெஸ்டர்ன் டாய்லெட்டும், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பியும், வாசற்படி இல்லாத நுழைவும் இருக்கட்டும்.

வாஷிங் மெஷின் நிற்க நாலுக்கு ஐந்தடி இடம், பக்கத்தில் குழாய், வடிகால், பதினாறு ஆம்பியர் பிளக். கேஸ் சிலிண்டர் வெளியே நிற்க ஒரு மாடம். படுக்கையறைக்கு ஒரு பரண், ஒரு சுவர் அலமாரி. பூஜைக்கு ஒரு சின்ன மாடம், அது இல்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் சாமி படம் ஏறிவிடுகிறது. எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை. தள்ளும் ஜன்னல் பாதிதான் திறக்கும், கீல் வைத்த ஜன்னலே நம் வெயிலுக்கு நல்லது. வாசலில் மரக்கதவுக்கு முன்னால் ஒரு கிரில் கேட், பகலில் மரக்கதவைத் திறந்துபோட்டு உட்காரலாம்.

மொட்டை மாடிக்குப் பூட்டுப் போடாதீர்கள். துணி காயப்போட இடமில்லாத வீட்டில் யாரும் நிலைக்கமாட்டார்கள், மாசி பங்குனியில் வடகமும் காய வேண்டும். வீட்டுக்கு இரண்டு கொடி, ஒரு பொதுக் குழாய், மூன்றரை அடிக் கைப்பிடிச் சுவர். இது போதும்.

வண்டி நிறுத்த நானூறு சதுர அடி விடச் சொன்னேனே, அதுதான் மேஸ்திரிக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மூன்று தளமும் கட்டிய பிறகு ஆறு வீட்டிலிருந்து என் கணக்கில் 34,500 வரும், அவர் கணக்கைவிட மாதம் 4,500 குறைவு, ஆண்டுக்கு 54,000. உங்கள் மச்சானின் இரண்டு வீடும் ஆண்டுக்கு நாலு மாதம் மட்டும் காலியாகக் கிடந்தால்கூட 52,000 போயிருக்கும், ஒவ்வொரு முறையும் வெள்ளையடிக்கிற செலவு தனி. இப்போது வீட்டுக்கு இரண்டு டூவீலர். பன்னிரண்டு வண்டிக்கே 260 சதுர அடி வேண்டும், மீதி எடுத்துப் போட வழி. சாலையில் நிறுத்தச் சொல்கிற வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். பக்கத்து மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலேயே மின்ஸ்கூட்டர் ஆலை ஓடுகிற காலம் இது. வீட்டுக்கு ஒரு சார்ஜிங் பிளக், அந்தந்த வீட்டு மீட்டரோடு இணைத்து, பூட்டோடு வைத்துவிடுங்கள். கார் நிறுத்த எத்தனை இடம் காட்டவேண்டும் என்பதை வரைபட அனுமதியின்போதே இன்ஜினியர் சொல்வார்.

மின் இணைப்பு வீட்டுக்கு ஒன்று தனியாக, மோட்டாருக்கும் படி விளக்குக்கும் பொதுவாக இன்னொன்று. தனி மீட்டர் இருந்தால்தான் அரசு தரும் இலவச யூனிட் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேரும். ஒரே மீட்டரில் சப்-மீட்டர் வைத்து ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டின் பெயர் ஊரில் சீக்கிரம் கெட்டுவிடும். 2024-ல் விதி திருத்தப்பட்ட பிறகு, 14 மீட்டர் உயரத்துக்குள், எட்டு வீட்டுக்குள், 750 சதுர மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புக்குக் கட்டட முடிப்புச் சான்று கேட்பதில்லை. உங்களுடையது மூன்று தளமும் சேர்ந்தே 390 சதுர மீட்டர்தான். அதற்காக அனுமதி வரைபடத்தை மீறிக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மகனின் படங்களைப் பார்த்தேன். பெங்களூருக்குப் பொருந்தலாம். கிழக்கு முகத்தில் கண்ணாடி வைத்தால் காலை வெயில் முழுக்க உள்ளே வரும், பளபளா ஷீட் இரண்டு வருடத்தில் தூசி படிந்து புறாக் கூடாகும். இரண்டு மாடிக்கு லிஃப்ட் தேவையில்லை, அதன் பராமரிப்புச் செலவை எந்தக் குடித்தனக்காரரும் சந்தோஷமாகக் கொடுக்கமாட்டார். தம்பி வருத்தப்படாமல் இருக்க, படிக்கட்டின் முன்பக்கத்தை அவர் விருப்பப்படி ஜாலி என்கிற துளை வைத்த அலங்காரத் தடுப்பும் விளக்கும் வைத்து அலங்கரிக்க விடுங்கள். வெளிர் நிறம் பூசுங்கள், சூடு குறையும்.

போர்டு வைக்கும்போது "குடும்பத்தினருக்கு மட்டும், சைவம் மட்டும்" என்று அடுக்காதீர்கள். வந்தவரிடம் எந்த ஊர், என்ன ஆள் என்று சுற்றி வளைத்துக் கேட்பதும் வேண்டாம். வாடகையை ஒழுங்காகக் கொடுத்து வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர் யார் என்று அந்தக் கேள்விகளால் ஒருநாளும் தெரியாது. காலி வீட்டுக்குக் காரணம் தேடும்போது பலர் கட்டடத்தையே பார்க்கிறார்கள், தங்கள் வாயைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள், 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் அதைக் கேட்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை போதும், பத்து மாதம் கேட்டால் மாற்றலாகி வருபவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

அம்மா சொன்ன வேப்ப மரம். நிற்கட்டும். மேற்கு வெயில் பிற்பகலில் விழுகிற மூலையில்தான் அது இருக்கிறது, தென் வீட்டின் தென்மேற்குப் படுக்கையறைக்கு அதைவிட நல்ல திரை நான் வரைந்து தர முடியாது. கட்டடத்தின் பின்வரியை இரண்டடி முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்துத் தூண் குழியைத் தோண்டும்போது ஜே.சி.பி. வேண்டாம், ஆள் விட்டுத் தோண்டச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க்கை மட்டும் வடமேற்கு மூலைக்குக் கொண்டுபோய்விடுங்கள், வேர் போய் அதைத் துளைக்கக் கூடாது. கழிவு லாரியின் குழாய் வடக்குச் சந்து வழியாக அங்கே எட்டும்படி, அந்தச் சந்தில் எதையும் கட்டாமல் விடவேண்டும்.